நெடுந்தீவு அருகே

‘நெடுந்தீவு அருகே மீன்பிடித்துக் கொண்டிருந்த ராமேஸ்வரம் மீனவர்களை இலங்கைக் கடற்படையினர் கைது செய்தனர்.’

தமிழ்நாட்டில் செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் இந்த வரி மனப்பாடம். செய்திப் பிரிவில் இரவு வேலை பார்த்த ஆண்டுகளில் நானே இதை எத்தனையோ முறை ஒற்றுப்பிழை திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். மீனவர்கள் எத்தனை பேர் என்பது மாறும், படகுகளின் கணக்கு மாறும். ஊர் ஒரு நாள் ராமேஸ்வரம், ஒரு நாள் ஜெகதாப்பட்டினம், ஒரு நாள் காரைக்கால். முதல் இரண்டு சொற்கள் மட்டும் அப்படியே இருக்கும். 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன நான்கு பேர் கடற்படைக் கப்பலுடன் நேர்ந்த மோதலில் இறந்தது நெடுந்தீவு அருகே. 2024 ஆகஸ்ட் 1 அன்று ராமேஸ்வரம் படகு மூழ்கி ஒருவர் இறந்ததும் ஒருவர் காணாமல் போனதும் நெடுந்தீவு அருகே. 2025 ஜனவரியில் காரைக்கால் மீனவர்கள் துப்பாக்கிச் சூட்டில் காயம்பட்டதும் அதே நெடுந்தீவு அருகேதான்.

‘அருகே’ என்று எழுதிவிட்டால் இடத்தைச் சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒருநாள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் கேட்டான்: “நெடுந்தீவுல ஆளுங்க இருக்காங்களா சார்?” இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல என்னிடம் இல்லை. அந்த வெட்கம் என்னை விடவில்லை. கச்சதீவுத் திருவிழா முடிந்த அடுத்த வாரம் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன்.

நான்கு மணி நேரத்தில் காங்கேசன்துறை வந்துவிடுகிறது. அங்கிருந்து மயிலிட்டித் துறைமுகம் பக்கம்தான் என்பதால் முதலில் அதைப் பார்க்கப் போனேன். ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்ற அத்தனையும் நம் விசைப்படகுகள். பிடிபட்டு, வழக்கு முடிந்து, அரசுடைமையாகிக் கைவிடப்பட்டவை. சிலவற்றில் பலகை பிளந்து தண்ணீர் ஏறியிருந்தது. ஒரு படகின் முகப்பில் மாதா படம் வெயிலில் வெளிறிப்போய் முகமே தெரியவில்லை. இவற்றில் ஒவ்வொன்றுக்கும் நம் கரையில் அடகில் மூழ்கிய ஒரு வீடு உண்டு. அந்த வீடுகளைப் பற்றி நாம் எழுதியிருக்கிறோம், எழுதவும் வேண்டும். இந்தப் பயணம் இன்னொரு வீட்டுக்கு.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு என்று தீவுகளைக் கோத்துப் போகிறது சாலை. இரண்டு பக்கமும் முழங்காலளவுத் தண்ணீர். சிறகு வலைக்கு நட்ட கம்புகளில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. சாலை குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நயினாதீவு நாகபூஷணி அம்மனைப் பார்க்கப் போகிறவர்களும் அங்குள்ள விகாரைக்குப் போகும் சிங்கள யாத்திரிகர்களும் துறையை நிறைத்திருந்தார்கள். அந்தப் படகுகள் வருவதும் போவதுமாக இருந்தன. நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருந்தவர்களைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. அவர்களிடம் மட்டும்தான் மூட்டைகள் இருந்தன. எரிவாயு சிலிண்டர், சீமெந்துப் பை, பாண் நிறைந்த பெட்டி, கோழிக்குஞ்சுக் கூடை, யாரோ ஒருவருடைய எக்ஸ்ரே உறை, திங்கட்கிழமைப் பள்ளிக்கு முதல்நாளே புறப்பட்ட இரண்டு ஆசிரியைகள். தீவில் இல்லாத ஒவ்வொன்றும் இந்தப் படகில்தான் வந்தாக வேண்டும்.

கடல் அமைதியாக இருந்தால் ஒரு மணி நேரம். சோளகக் காற்று எழும் மாதங்களில் இந்த ஒரு மணி நேரம் எப்படியிருக்கும் என்று பக்கத்தில் இருந்த அக்கா சொன்னார். “அலை ஏறினா படகுக்குள்ள தண்ணி அடிக்கும் தம்பி. பிள்ளைத்தாச்சியளை மாசம் நெருங்க முன்னமே யாழ்ப்பாணம் கொண்டு போய் விட்டிடுவம். ராவில வலி எடுத்தா ஆர் கொண்டு போறது?” தன் இரண்டு பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள், தானும் கணவரும் தீவில் பிறந்தவர்கள் என்றார். அதில் அவருக்கு ஒரு குறை இருந்தது, குரலில் தெரிந்தது.

இந்தப் பாதையில் ஓடும் படகுகளுக்குப் பெயர் உண்டு. ‘நெடுந்தாரகை’ 2017இல் ஆஸ்திரேலிய உதவியில் கிடைத்தது. பெரியவர்கள் வாயில் முதலில் வருவது ‘குமுதினி’. 1985 மே 15 காலை நெடுந்தீவின் மாவிலித்துறையிலிருந்து புறப்பட்ட குமுதினியை நடுக்கடலில் மறித்து ஏறியவர்கள் பயணிகளை வெட்டினார்கள். கைக்குழந்தை உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வந்தவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சியம் சொன்னார்கள். ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. படகைத் திருத்தினார்கள், பிறகு பல ஆண்டுகள் அதே பெயரோடு அதே வழியில் ஓடியது. வேறு படகு இல்லாததால் பிழைத்தவர்களும் இறந்தவர்களின் உறவுகளும் மறுபடி அதில்தான் ஏறினார்கள். மாவிலித்துறையில் நினைவுத்தூபி இருக்கிறது. ஆண்டுதோறும் அந்த நாளில் அங்கே விளக்கேற்றுகிறார்கள். எங்கள் படகு துறையை நெருங்கும்போது அந்தப் பக்கம் பார்த்து இரண்டு மூன்று பேர் கை நெற்றிக்குப் போய் வந்தது.

தீவில் இறங்கியதும் கண்ணில் படுவது கல். சுண்ணாம்பு இல்லை, மண் பூச்சு இல்லை. முருகைக்கல்லைக் கல்லின் மேல் கல்லாகப் பொருத்தி இடுப்புயரத்துக்கு எழுப்பிய வேலிகள் ஒழுங்கை ஒழுங்கையாக ஓடுகின்றன. ஏதோ ஒரு காலத்தில் கடலுக்கடியில் உயிரோடு இருந்த பவளம் அது. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் தேன்கூடு மாதிரிக் கண்கள். கல்லுக்குக் கல் இடைவெளி இருப்பதால் காற்று புகுந்து போய்விடும், வேலி சாயாது என்று எனக்குத் தங்க இடம் கொடுத்தவர் விளக்கினார். அவருடைய அப்பாவின் அப்பா அடுக்கிய வேலி. ஒரு கல் விழுந்தால் எடுத்து வைக்கிறார்கள், அவ்வளவுதான் பராமரிப்பு.

வேலிகள் நிற்கின்றன, பல இடங்களில் உள்ளே வீடு இல்லை. கூரை போய்ச் சுவர் மட்டும். முற்றத்தில் பனை வடலி முளைத்திருக்கிறது. சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவில் 2012 கணக்கெடுப்பின்போது இருந்தவர்கள் நாலாயிரத்துக்கும் குறைவு. போரின் ஆண்டுகளில் வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இந்தியாவுக்கும் கனடாவுக்கும் போனவர்கள் போனவர்கள்தான். ‘அமைதியான தீவு’ என்று சுற்றுலா விளம்பரங்களில் போடுகிறார்கள். அந்த அமைதியில் பாதி இந்த வெறும் முற்றங்களிலிருந்து வருவது.

போர்த்துக்கீசர் இதைப் பசுக்களின் தீவு என்றார்கள். ஒல்லாந்தர் தீவுகளுக்கெல்லாம் தங்கள் நாட்டு நகரங்களின் பெயரை வைத்தபோது இதற்கு டெல்ஃப்ட் என்று வந்தது. வேலணையின் லெய்டனும் காரைநகரின் ஆம்ஸ்டர்டாமும் மறைந்துபோக, இது மட்டும் இன்றும் ஆங்கில வரைபடத்தில் டெல்ஃப்ட். மருத்துவமனைக்குப் பின்னால் இடிந்த கோட்டை, தூரதேசத்திலிருந்து வந்து பருத்து நிற்கும் பெருக்கமரம், தெற்கே ஆளில்லாக் கடற்கரையில் பழைய வெளிச்சக் கோபுரம், இவற்றை ஒரு அரை நாளில் பார்த்துவிடலாம். பயணிகள் அதற்காகத்தான் வருகிறார்கள், மாலைப் படகில் திரும்பிவிடுகிறார்கள். குதிரைகளையும் பார்ப்பார்கள். ஒல்லாந்தரும் பின்னால் ஆங்கிலேயரும் வளர்த்துவிட்டுப் போன குதிரைகளின் வழி வந்தவை, யாருக்கும் சொந்தமில்லாமல் மேற்குப் புல்வெளியில் திரிகின்றன. 2015இல் அந்தப் பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். மழை பொய்க்கும் ஆண்டில் குட்டைகள் வற்றிக் குதிரைகள் சாகும். நான் போனபோது இன்னும் கொஞ்சம் ஈரம் இருந்தது. ஒரு தாய்க்குதிரை குட்டியோடு கல்வேலியில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றது.

கோட்டையைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொரு பெயர். மேற்கே கிடக்கும் ஒரு கற்குவியலை ஊரார் வெடியரசன் கோட்டை என்கிறார்கள். ஈழத்துக் கண்ணகி கதைகளில், சிலம்புக்கு நாகமணி தேடி வந்த மீகாமனோடு போரிட்ட முக்குவர் தலைவன் வெடியரசன். இந்தத் தீவு தன் பழைய அரசனாக நினைவில் வைத்திருப்பது ஒரு கடலோடியை. தமிழாராய்ச்சியை உலக மேடைக்குக் கொண்டுபோன தனிநாயகம் அடிகளாரும் தந்தை வழியில் நெடுந்தீவுக்காரர்.

நான் தங்கியது மீனவர் வீட்டில். யாழ்ப்பாணத்து நண்பர் ஏற்பாடு. வீட்டுக்காரருக்கு அறுபதை ஒட்டிய வயது. மனைவி, மனைவியின் தாயார், ஒரு மகன். மூத்த மகன் பிரான்சில். ஞாயிறு பின்னேரம் நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவும் மகனும் வலையோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். “இருங்கோ தம்பி, தேத்தண்ணி குடியுங்கோ. நாங்கள் வலையைப் படுத்துப்போட்டு வாறம்” என்று படகைத் தள்ளினார்கள். கண்ணாடியிழைப் படகு, பின்னால் தொங்கும் சின்ன எஞ்சின், மண்ணெண்ணெயில் ஓடுவது. 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறிய கதையை இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். அந்த மாதங்களில் படகுகள் கரையில் கவிழ்ந்து கிடந்தன.

நண்டு வலை பார்வைக்கு ஒன்றுமில்லை. மெல்லிய நைலோன், அடியில் ஈயம், மேலே மிதவை. மாலையில் கடலடியை ஒட்டி வேலி மாதிரி விரித்து, இரு முனையிலும் கல்லும் கொடிக்கம்பும் வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். இரவில் இரை தேடி நடக்கும் நீலக்கால் நண்டு அதில் தானாக வந்து சிக்கும். விடியற்காலையில் போய் வலையைச் சுருட்டி ஏற்றிக்கொண்டு வருவார்கள். கடலைத் துரத்துவது கிடையாது. ஓர் இரவு வலையை அதன் போக்கில் விட்டுவிட்டுக் காலையில் போய்ப் பார்க்கிற தொழில்.

திங்கட்கிழமை ஆறரை மணிக்குப் படகு கரைக்கு வந்தது. வீட்டிலிருந்த இரண்டு பெண்களும் நானும் கரையில் உட்கார்ந்தோம். நண்டு எடுப்பது எனக்குப் பிடிபடவே இல்லை. கொடுக்கைப் பிடித்தால் அது நம்மைப் பிடிக்கும். பின்புறமாக ஓட்டை அழுத்திப் பிடித்து, எந்தக் கால் முதலில் நூலில் மாட்டியதோ அதைக் கடைசியாக விடுவிக்க வேண்டும் என்று வீட்டுக்கார அம்மா சொல்லிக்கொடுத்தார். நான் ஒன்றை எடுப்பதற்குள் அவர் எட்டு எடுத்துவிடுவார். வலை அறாமல், நண்டின் கால் முறியாமல். கால் போன நண்டுக்கு விலை பாதிதான். கொள்முதல் செய்கிறவர் கொழும்புக்கு அனுப்புவார், அங்கிருந்து கப்பல் ஏறும். தங்கள் நண்டு எந்த நாட்டில் யார் தட்டில் போய் விழுகிறது என்று அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசை இருந்தது.

ஒரு நண்டைத் திருப்பிக் காட்டினார். வயிற்று மடலுக்கு வெளியே செம்மஞ்சள் நிறத்தில் பஞ்சு மாதிரி சினை. எதுவும் சொல்லாமல் அதை ஒரு வாளித் தண்ணீரில் போட்டார். கொஞ்ச நேரத்தில் அந்த மாதிரி நாலு சேர்ந்தன. அவருடைய தாயார், எழுபதைக் கடந்தவர், சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியோடு கடலுக்குள் இறங்கினார். முழங்கால் ஆழம் வந்ததும் குனிந்து வாளியைத் தண்ணீருக்குள் சாய்த்தார். நண்டுகள் பக்கவாட்டில் ஓடி மணலில் மறைகிற வரை பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்குக் கிடைத்ததே ஏழெட்டுக் கிலோதான். அந்த நான்கையும் எடைபோட்டிருந்தால் கூடக் கொஞ்சம் காசு வந்திருக்கும்.

வெயில் ஏறியதும் ஐயா வேப்பமர நிழலில் வேறொரு வலையை எடுத்துப் போட்டுக்கொண்டு பொத்த உட்கார்ந்தார். கால் பெருவிரலில் வலையின் ஒரு கண்ணை மாட்டி இழுத்துப் பிடித்து, ஊசி உள்ளே போய் வெளியே வரும் ஒவ்வொரு தடவையும் விரலால் முடிச்சை இறுக்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். வலையில் சிறு கிழிசல்கள் இல்லை. ஒரு ஆள் நுழைந்து போகலாம் போல ஓர் ஓட்டை.

“இது மிஞ்சின துண்டு” என்றார். “போன மாசம் விடியப்புறம் போய்ப் பார்த்தா கொடி இல்லை. கல்லும் இல்லை. சுத்திச் சுத்தித் தேடி இந்தத் துண்டுதான் எடுத்தது. மிச்சத்தை றோலர் வழிச்சுக் கொண்டு போயிட்டுது.”

றோலர் என்று அவர்கள் சொல்வது நம் இழுவைப்படகை.

நான் எந்த ஊர் என்று அவருக்குத் தெரியும். என் முகத்தைப் பார்க்காமல் பேசியது மரியாதைக்காக என்று பிறகுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளியின் மனம் நோகக்கூடாது என்று பார்த்திருக்கிறார். எவ்வளவு நட்டம் என்று கேட்டேன். தொகை சொல்லவில்லை. “பிரான்சில இருக்கிறவன் காசு அனுப்பி வாங்கின வலை” என்றார்.

பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல். பெரும்பாலான இடங்களில் பதினைந்து மீட்டர் தாண்டாது. அடியில் கடற்புல், பவளத் திட்டு, இறாலும் நண்டும் குஞ்சு பொரிக்கும் சேறு. இழுவை மடி அந்த அடித்தரையைச் சீவிக்கொண்டு போகிறது. வலையின் வாய் விரிந்து நிற்கக் கனத்த பலகைகள், கீழ்க்கயிற்றில் இரும்பு. சினை நண்டு, மீன்குஞ்சு, புல், யாரோ படுத்த வலை எல்லாம் ஒரே பைக்குள் வந்து சேரும். 1950களில் நார்வே உதவியோடு இந்தியக் கரைகளில் படகுகளுக்கு இயந்திரம் வந்தது. அடுத்த பத்தாண்டில் இறாலுக்காக இழுவைப்படகுகள் பெருகின. முன்னேற்றம் என்று சொல்லித்தான் அரசே அதைக் கொடுத்தது. நம் பக்கத்துக் கடல் வறண்டது. அதே காலத்தில் இந்தப் பக்கத்தில் போர் நடந்தது. வடக்கு மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் கடலில் இறங்கவே தடை, இல்லையென்றால் கரையோரம் மட்டும். ஆளில்லாத அந்தக் கடலில் நம் படகுகள் பழகிவிட்டன. 2009க்குப் பிறகு இவர்கள் மறுபடி வலை வாங்கிக்கொண்டு இறங்கியபோது தங்கள் இடத்தில் இரவெல்லாம் வேறு ஆட்களைப் பார்த்தார்கள். தமிழ் பேசும் ஆட்களை.

2010 ஆகஸ்டில் இரு கரை மீனவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். ஓராண்டுக்குள் இழுவையை நிறுத்திக்கொள்வதாக நம் பக்கம் வாக்குக் கொடுத்தது. நடக்கவில்லை. 2017இல் இலங்கை தன் நாட்டில் இழுவை மடியையே சட்டம் போட்டுத் தடுத்தது. அதே ஆண்டில் பாக்கு விரிகுடாவின் 2,000 இழுவைப்படகுகளை ஆழ்கடல் சூரைப் படகுகளாக மாற்ற 1,600 கோடி ரூபாய்த் திட்டம் இந்தியாவில் அறிவிக்கப்பட்டது. மாறியவை அதில் சிறு பகுதிதான். படகில் போகிறவர்களில் பெரும்பாலோர் படகுக்குச் சொந்தக்காரர்கள் இல்லை, கூலிக்காரர்கள். பிடிபட்டால் யாழ்ப்பாணச் சிறையில் கிடப்பவர்களும் அவர்களே, கடற்படை அடிக்கும்போது அடி வாங்குபவர்களும் அவர்களே. அந்த அடியும் துப்பாக்கிச் சூடும் எந்த நியாயத்திலும் சேராதவை. அதைச் சொல்கிற அதே வாயால், நெடுந்தீவுக்காரரின் வலையை அறுப்பது நம் மடிதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் நாம் முதலாவதை எழுதிய அளவில் நூற்றில் ஒரு பங்கும் இரண்டாவதை எழுதவில்லை.

“கடல் ரெண்டு பக்கத்துக்கும் பொது எண்டுதான் எங்கட அப்பு சொல்லுவார்” என்றார் ஐயா. “பாய் கட்டின வள்ளத்தில அங்கயிருந்து வருவினம், நாங்களும் போவம். தண்ணி குடுத்திருக்கிறம், சோறு குடுத்திருக்கிறம். வரட்டும் தம்பி. தூண்டிலோட வரட்டும், வழிவலையோட வரட்டும். அடியோட அள்ளினா நாளைக்கு அவைக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை.”

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தமிழ்நாட்டில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்தத் தேதிகள் இந்த வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். வலை வாங்க, கடன் அடைக்க, மகள் வீட்டுச் சடங்கு வைக்க எல்லாவற்றையும் அந்த இரண்டு மாதத்தை நம்பித்தான் திட்டமிடுகிறார்கள்.

அன்று திங்கட்கிழமை. மாலை ஐந்து மணிக்கு முதல் நாள் போலப் படகைத் தள்ளுவார்கள் என்று கரைக்குப் போனேன். யாரும் வரவில்லை. பக்கத்துத் துறையிலும் படகுகள் கிடந்தபடியே கிடந்தன. மகன்தான் சொன்னான்: “இண்டைக்குத் திங்கள் அண்ணை. திங்கள், புதன், சனி அங்கால போட்டுகள் வாற நாள். நாங்கள் வலை படுக்கிறேல்லை.” ராமேஸ்வரத்தில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு மற்ற நாட்கள் என்ற ஏற்பாடு பல பத்தாண்டுப் பழையது. நம் ஊரில் சண்டை வராமலிருக்கப் போட்ட அந்த முறை கடலைக் கடந்து வந்து, நெடுந்தீவில் ஒரு குடும்பம் வாரத்தில் எந்த நாள் சம்பாதிக்கலாம், எந்த நாள் சும்மா இருக்க வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டிருக்கிறது. ஊருக்குள் நான் வியந்து ரசித்த நிசப்தத்தின் மற்றப் பாதி எங்கிருந்து வருகிறது என்று அப்போது புரிந்தது.

இரவுச் சாப்பாடு ஒடியல் கூழ். நண்டும் சின்ன மீனும் பயற்றங்காயும் போட்டு, உறைப்பாக. பெரிய சட்டியைச் சுற்றி உட்கார்ந்து பலா இலையைக் கோலிக் குடித்தோம். ஒன்பது மணிக்கு மேல் கரைக்குப் போவோமா என்று ஐயா கேட்டார். போனோம், அம்மாவின் தாயாரான அம்மம்மாவும் கூட வந்தார்.

மேற்கே கடல் முடிகிற இடத்தில் ஒரு பட்டணம் எழும்பியிருந்தது. இருளில் வரிசையாக வெள்ளை விளக்குகள், இடையிடையே பச்சை. எண்ணத் தொடங்கி ஐம்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். காற்று இந்தப் பக்கம் திரும்பும்போது எஞ்சின்களின் சத்தம் ஒரே முனகலாகக் கேட்டது. அவற்றுக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு சின்ன விளக்குக்கூட இல்லை. ராமேஸ்வரம் துறைமுகத்தில் எத்தனையோ முறை நின்று இந்தப் படகுகள் கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன், படம் எடுத்திருக்கிறேன். அவை போய்ச் சேரும் இடத்திலிருந்து இப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறேன்.

அம்மம்மா மணலில் உட்கார்ந்தார். கச்சதீவு அந்தோனியார் திருவிழாவை நடத்துவது நெடுந்தீவுப் பங்குதான், தவறாமல் போய்வருகிறவர் அவர். இந்த முறை அங்கே தங்கச்சிமடத்துப் பெண் ஒருத்தியோடு பழக்கம். இரவெல்லாம் கொடிமரத்துக்குப் பக்கத்தில் ஒரே பாயில் படுத்துக் கதைத்திருக்கிறார்கள். “நல்ல மனுசி. எனக்கு ஒரு மாதா சுரூபம் தந்தவ. என்னட்டை இருந்த சோப்பும் தேங்காயெண்ணெயும் குடுத்தனான்.” கொஞ்ச நேரம் விளக்குகளையே பார்த்தார். “அவவின்ர பெடியனும் போட்டில போறவன் எண்டவ. கூலிக்கு. இதுக்குள்ள நிப்பானோ தெரியாது.”

ஐயா ஒன்றும் சொல்லவில்லை. மகன் ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் எறிந்தான்.

“காத்து எழும்பாமல் இருந்தாச் சரி” என்றார் அம்மம்மா.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஊரின் மின்விளக்குகளை ஐயா காட்டினார். தீவுக்கு மின்சாரம் டீசல் இயந்திரத்திலிருந்து வருகிறது. காற்றும் வெயிலும் சேர்ந்த மின்நிலையம் ஒன்றை இந்திய மானியத்தில் அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தம் போட்டார்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும். “இந்தியா தாறதுதான்” என்றார் ஐயா, நல்ல மனதோடு. நான் மேற்கே திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

செவ்வாய் காலைப் படகுக்கு மாவிலித்துறைக்கு வந்தபோது அம்மம்மாவும் வந்துவிட்டார். அவ்வளவு தூரம் சைக்கிளில் பேரனின் பின்னால் உட்கார்ந்து. கையில் பனையோலைப் பெட்டி, மேலே பொலித்தீன் சுற்றிச் சணலால் கட்டியிருந்தது. புழுக்கொடியலும் பனாட்டும். ஒரு காகிதத் துண்டில் பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்தில் தங்கச்சிமடத்துத் தொலைபேசி எண்.

“நீங்கள் அந்தப் பக்கம்தானே போறியள் தம்பி. அவவிட்ட குடுத்திடுங்கோ. அங்க பனை இருந்தாலும் எங்கட பனாட்டு மாதிரி வராதாம், அவவே சொன்னவ.”

சரி என்றேன்.

“தண்ணி படாமல் பிடியுங்கோ. பட்டா பூஞ்சணம் பிடிச்சிடும்.”

படகு துறையை விட்டு விலகியது. பாதி வழியில் வாடை கொஞ்சம் தூக்கியது, அலை உடைந்து பக்கப் பலகைக்கு மேல் தெறித்தது. கேமராவைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் பெட்டியை வைத்து மூடினேன்.